மஞ்சள் தண்ணீரில் கழுவிய இலை

புங்குடுதீவு மடத்துவெளியில் காணி எல்லையில் ஒரு பிரச்சினை வந்தால், நில அளவைக்காரரைக் கூப்பிட முதல் பிரியவதனியைக் கூப்பிடுவார்கள். தொண்ணூற்றொன்றில் சண்டைக்குப் பயந்து சனம் தீவை விட்டுப் போய், இருபது வருடம் கழித்துத் திரும்பி வந்து பார்த்தபோது வேலி என்று ஒன்றும் மிச்சமில்லை. வேலிக்கு நட்ட கதியால் உக்கி, பற்றை மூடி, வளவும் ஒழுங்கையும் ஒன்றாய்க் கிடந்தன. காணிக்காரரில் பாதிப்பேர் பிரான்சிலும் கனடாவிலும் இருந்துகொண்டு தொலைபேசியில் எல்லை சொன்னார்கள். அவர்கள் சொன்ன எல்லைகளை எல்லாம் கூட்டிப் பார்த்தால் தீவு கடலுக்குள் இன்னும் அரை மைல் நீண்டிருக்க வேண்டும்.

பிரியவதனி பதினைந்து வயதுவரை அந்த வளவுகளுக்குள் ஆடு மேய்த்தவள். எந்தப் பனையடியில் வேலி திரும்பியது, எந்தக் கிணற்றுக்குப் பாதி இந்தப் பக்கம் பாதி அந்தப் பக்கம் என்பதெல்லாம் அவளுடைய காலுக்குத் தெரியும். வந்து நின்று காட்டுவாள். காட்டினால் காட்டினதுதான். புருசன் சசிகரனுடைய தமையன் பிரான்சில் இருந்து வந்து, தங்கள் வளவு எல்லையை இரண்டு பனை தள்ளிக் காட்டிவிடு என்று கெஞ்சிப் பார்த்தார். அவள் பழைய இடத்திலேயே போய் நின்றாள். இரண்டு பனையும் பக்கத்து வளவுக்குப் போய்விட்டன. ஒரு வருடம் மச்சான்மார் வீட்டில் அவளோடு யாரும் முகம் கொடுத்துக் கதைக்கவில்லை. ஆனால் ஊர் அன்றைக்கே ஒரு முடிவுக்கு வந்துவிட்டது. பிரியவதனி பார்த்ததைத்தான் சொல்லுவாள், பார்க்காததைச் சொல்லமாட்டாள். வன்னிக் கொட்டிலில் இருந்தும் முகாமில் இருந்தும் வெறுங்கையோடு திரும்பி வந்த பெண்ணுக்கு அந்தப் பேரைவிட வேறு சொத்து என்ன இருந்தது?

அப்படிப்பட்டவளைத்தான் கள்ளி என்று கடிதம் எழுதினார்கள்.

அது எப்படி வந்தது என்றால், இரண்டு வருடத்துக்கு முதல் மாதர் சங்கத் தலைவி நாகமுத்து அக்கா ஒரு பெட்டையைக் கூட்டிக்கொண்டு பிரியவதனி வீட்டுப் படலையைத் திறந்தா. பெட்டையின் பெயர் கஜாலினி. யாழ்ப்பாணத்தில் ஒரு மருந்து ஆய்வு நிலையத்தில் படித்துக்கொண்டே வேலை செய்கிறவள். மூட்டு வாதத்துக்கும் வீக்கத்துக்கும் கரையோரத்துச் சனம் அடம்பன் இலையை வாட்டிக் கட்டுகிறார்கள் அல்லவா, அந்த இலைக்குள் என்ன இருக்கிறது என்று அவர்கள் தேடுகிறார்களாம். வாத நோவுக்குக் குளிசை போட்டுப் போட்டு வயிறு புண்ணாகிப் போன சனம் எவ்வளவு! அதனால் குளிசையாக இல்லாமல், இலையின் சாற்றைக் கண்ணுக்குத் தெரியாத சின்னச் சின்னக் கொழுப்பு உருண்டைகளுக்குள் அடைத்து, அதை ஒரு ஒட்டுப்பட்டையில் தடவி, முழங்காலில் ஒட்டிவிட்டால் தோலுக்குள்ளால் மருந்து மெல்ல மெல்ல இறங்கும் என்றாள் பெட்டை. ஒரு தலைமயிரின் தடிப்புக்குள் அந்த உருண்டைகள் நூற்றுக்கணக்கில் நிற்குமாம். கேட்கப் பிரியவதனிக்கு நல்லாய்த்தான் இருந்தது. அவளுடைய மாமியாரும் குளிசை தின்று வயிறு எரிந்து செத்தவ.

இலை ஆய்ந்து, கழுவி, நிழலில் காயவைத்துக் கொடுப்பது அவளுடைய வேலை. கஜாலினி ஒரு படிவம் கொண்டு வந்திருந்தாள். எந்த இடத்தில் ஆய்ந்தது, எத்தனை மணிக்கு, எத்தனை நாள் காய்ந்தது என்று கேள்விகள். ஒவ்வொன்றாய்க் கேட்டுக் கேட்டு நிரப்பினாள். "இலைகள் கழுவப்பட்டனவா?" என்று ஒரு கேள்வி. பக்கத்தில் ஆம், இல்லை என்று இரண்டு பெட்டி.

பிரியவதனி தான் செய்கிறதை ஒளிக்காமல் சொன்னாள். மருந்துக்கு என்று ஒரு இலையில் கை வைக்கிறதானால், மஞ்சள் கிழங்கை உரைத்துத் தண்ணீரில் கரைத்துக்கொண்டு போகவேண்டும். கொடியில் மூன்று தரம் தெளித்து, உன்னிடம் எடுக்கிறேன், குறை நினையாதே என்று சொல்லிவிட்டுத்தான் ஆயவேண்டும். மிச்சத் தண்ணீருக்குள் இன்னும் ஒரு பிடி மஞ்சளைப் போட்டு அதிலேயே இலையை அலசி எடுக்கவேண்டும். மாமியார் வீட்டில் அப்படித்தான். அதில் கும்பிடும் இருக்கிறது, காரியமும் இருக்கிறது. வீட்டுக் கிணற்றின் உவர்த் தண்ணீரில் வெறுமையாய்க் கழுவினால் இலை மூன்றாம் நாள் புள்ளி விழுந்து பூஞ்சணம் பிடிக்கும். மஞ்சளில் தோய்த்தால் பிடிக்காது.

கஜாலினி சிரித்துக்கொண்டு கேட்டாள். வடிவான வழக்கம் அன்ரி என்றாள். பிறகு ஆம் என்ற பெட்டிக்குள் ஒரு புள்ளடி போட்டாள். அவ்வளவுதான். எதில் கழுவியது என்று எழுத அந்தப் படிவத்தில் ஒரு வரி இடமும் இருக்கவில்லை.

இரண்டு வருடம் பிரியவதனி இலை கொடுத்தாள். வெயில் ஏற முதல் கரைக்குப் போவாள். நுனியில் இருந்து மூன்றாம் இலைக்குக் கீழேதான் ஆய்வாள். ஆட்டின் குளம்பு மாதிரி நடுவில் பிளந்த இலை, உடைத்தால் பால் வடியும். கடகம் நிறைய வந்தால் கொட்டிலுக்குள் பாயில் பரப்பி, ஒரு நாளைக்கு இரண்டு தரம் பிரட்டி, ஒரு பழுத்த இலை கூடப் போகாமல் பார்த்துக் கடதாசிப் பையில் கட்டுவாள். வயிற்றில் இருக்கிற பிள்ளைக்கும் ஒருத்தி அவ்வளவு பத்தியம் பார்க்கமாட்டாள். ஆய்வு நல்லாய்ப் போகிறது, எலியின் காலில் வீக்கத்தை உண்டாக்கிப் பட்டையை ஒட்டினால் வீக்கம் வடிகிறது என்று கஜாலினி வந்து சொல்லுவாள். ஆய்வை நடத்துகிற பெரிய சேர் ஜெயரூபனுக்கு நல்ல சந்தோசமாம். வெளிநாட்டுச் சஞ்சிகை ஒன்றுக்குக் கட்டுரையும் அனுப்பியாயிற்றாம்.

மாசி மாதம் கஜாலினி வரவில்லை. கடிதம் வந்தது. அதுவும் பிரியவதனிக்கு வரவில்லை. மாதர் சங்கத்துக்கு வந்தது.

சங்கக் கூட்டத்தில் நாகமுத்து அக்கா அதை உடைத்து, என்ன எழுதியிருக்கிறது என்று தானே முதலில் பார்க்காமல், முப்பது பெண்களுக்கு முன்னால் உரத்து வாசித்தா. "மேற்படி சேகரிப்பாளரால் வழங்கப்பட்ட அடம்பன் இலை மாதிரிகளில் மஞ்சள் கலப்படம் செய்யப்பட்டுள்ளமை உறுதிப்படுத்தப்பட்டுள்ளதால், அவரிடமிருந்து இனிமேல் மாதிரிகள் பெறப்படமாட்டா." பாதியில் அக்காவின் குரல் இறங்கிவிட்டது. இறங்கி என்ன? கலப்படம் என்ற சொல் முழுவதும் வெளியே வந்துவிட்டது.

நடந்தது இதுதான். மருந்து எந்தப் பொருளால் வேலை செய்கிறது என்று சஞ்சிகைக்காரர் கேட்டிருக்கிறார்கள். சாற்றில் இருக்கிறதை ஒவ்வொன்றாய்ப் பிரித்துக் காட்டும் இயந்திரத்தில் போட்டுப் பார்த்தால், அடம்பனில் இருக்கவே கூடாத, மஞ்சளில் இருக்கிற பொருள் ஒன்று தலையை நீட்டியிருக்கிறது. பழைய பைகளைக் கிண்டினால் எல்லாப் பையிலும் அதே பொருள். மஞ்சள் தானாய் நடந்து வந்து பைக்குள் ஏறுமா? யாரோ போட்டிருக்கவேண்டும். யார் போட்டது? இலை கொடுத்தவள்தான். ஒரு தரம் வந்து கேட்டிருக்கலாம். தொலைபேசி ஒன்று எடுத்திருக்கலாம். கேட்கவில்லை, எழுதிவிட்டார்கள்.

ஊர் மிச்சத்தை எழுதிக்கொண்டது. பழுதான இலையை மறைக்க மஞ்சள் பூசினவளாம் என்று கதை தண்ணீர்ப் பவுசருக்கு நிற்கிற வரிசையில் போயிற்று. அடுத்த வியாழக்கிழமை ஐயாத்துரையர் வளவு எல்லைக்கு அவள் போவதாக இருந்தது. புதன்கிழமை பின்னேரமே ஆள் வந்தது. அவ வரத் தேவையில்லையாம், அளவைக்காரரை வைத்தே பார்க்கிறார்களாம். ஏன் என்று வந்த ஆள் சொல்லவில்லை. பிரியவதனி கேட்கவும் இல்லை. படலையைச் சாத்திவிட்டுக் குசினிக்குள் வந்து, கழுவி வைத்த சட்டியை எடுத்துத் திரும்பவும் கழுவினாள்.

சசிகரன் சாதுவான மனுசன். உவையோடை எங்களுக்கென்ன, விடும் என்றான். இலை ஆயாவிட்டால் ஆடு இருக்கிறது, பனை இருக்கிறது, சோற்றுக்கு என்ன குறை என்றான். அதில்தான் அவளுக்குக் கோபம் பற்றிக்கொண்டது.

"நான் சோத்துக்கு அழுறனோ?" என்றாள். "நாளைக்கு நான் ஒரு எல்லையைக் காட்டினால் ஆர் நம்புவினம்? உம்மடை தமையனுக்கே பொய் சொல்லாதவள் ஆரோ முகந்தெரியாதவனுக்குச் சொன்னனானோ? அந்தக் கடிதம் கிடக்குமட்டும் நான் கள்ளிதான். அதை எழுதின கையாலையே அழிக்கவேணும்."

அன்றைக்கே இரண்டு விதமாயும் இலையைக் கழுவிக் காயப் போட்டாள், நாலாம் நாள் விடிந்ததும் யாழ்ப்பாணப் பஸ் ஏறினாள். பாலத்தில் இரண்டு பக்கமும் கடல் பளபளத்தது. அவள் ஒரு பக்கமும் திரும்பவில்லை. மடியில் ஒரு பையும், பைக்குள் இரண்டு பொட்டலமும் இருந்தன. ஒன்று மஞ்சளில் கழுவிக் காய்ந்த இலை, மற்றது வெறும் தண்ணீரில் கழுவினது. அதில் பாதி பூஞ்சணம்.

ஆய்வு நிலையத்து வாசல்காரர் நேரம் குறித்துக்கொண்டுதான் வரவேண்டும் என்றார். அவர்கள் என்னைப்பற்றி எழுதும்போது என்னிடம் நேரம் கேட்டவையோ என்று அவள் கேட்டாள். வாசல்காரருக்கு என்ன கதை என்று விளங்கவில்லை, ஆனால் முகத்தைப் பார்த்துவிட்டு உள்ளே விட்டார்.

ஜெயரூபனுக்கு நாற்பது வயது இருக்கும். கெட்ட மனுசன் என்று சொல்ல முடியாது. எழும்பிக் கதிரையை இழுத்துப் போட்டார். மேசையின் அந்தப் பக்கத்தில் கஜாலினி வெள்ளை மேலங்கியோடு எதையோ நிறுத்துக்கொண்டிருந்தவள், பிரியவதனியைக் கண்டதும் கையைத் தராசில் இருந்து எடுத்துவிட்டாள்.

"அக்கா, முதல்லை இருங்கோ," என்றார் ஜெயரூபன்.

"இருக்க வரேல்லை, சேர். நான் கலப்படம் செய்தனான் எண்டு எழுதினது ஆர்?"

"அது நாங்கள் வழமையாப் பாவிக்கிற ஒரு சொல் அக்கா. ஒரு மாதிரிக்குள்ளை வேற பொருள் இருந்தால் அப்பிடித்தான்..."

"உங்களுக்கு வழமை. பாலுக்குள்ளை தண்ணி விட்டவனைக் கோட்டிலை ஏத்தேக்கை சொல்லுற சொல் எங்களுக்கு அது. முப்பது பொம்பிளையளுக்கு முன்னாலை வாசிச்சது."

ஜெயரூபன் மூச்சை இழுத்துவிட்டு, பொறுமையாய்ச் சொல்லத் தொடங்கினார். இரண்டு வருட வேலை. நூற்றுக்கு மேலே எலி. கட்டுரையைத் திரும்ப எடுக்கவேண்டி வந்துவிட்டது. வீக்கம் வடிந்தது அடம்பனாலா மஞ்சளாலா என்று இனி யாருக்கும் சொல்ல ஏலாது. எல்லாம் போய்விட்டது என்று சொல்லும்போது அவருடைய குரலும் தடித்தது. அவருக்கும் கோபம் இருந்தது, அது கொஞ்சம் நியாயமான கோபமும்தான். ஆனால் ஆள் மாறி விழுந்த கோபம்.

பிரியவதனி முழுக்கக் கேட்டாள். பிறகு அவரை விட்டுவிட்டுக் கஜாலினியின் பக்கம் திரும்பினாள்.

"பிள்ளை, நீர் முதன்முதல் என்ரை வீட்டை வந்த அண்டைக்கு, எதிலை கழுவுறனான் எண்டு நான் சொன்னனானோ இல்லையோ?"

கஜாலினி தலையைக் குனிந்துகொண்டாள். அந்தப் பெட்டைக்கு இன்னும் எட்டு மாதத்தில் படிப்பு முடியவேண்டும். பட்டம் வருவதும் போவதும் எல்லாம் முன்னால் இருக்கிற மனுசனுடைய கையெழுத்தில். இல்லை என்று ஒரு சொல் சொன்னால் அன்றோடு பிரியவதனியின் கதை முடிந்தது. வேறு யார் சாட்சி? சசிகரன் அன்றைக்கு ஆட்டோடு கரையில், நாகமுத்து அக்கா பெட்டையை விட்டுவிட்டு அப்போதே திரும்பிப் போனவ.

"சொன்னவ, சேர்," என்றாள் கஜாலினி. "மஞ்சள் தண்ணியிலைதான் அலசுறது எண்டு விளக்கமாச் சொன்னவ. அது நம்பிக்கை விசயம் எண்டு நினைச்சு நான் எழுதேல்லை. ஓம் எண்டதுக்குப் புள்ளடி போட்டிட்டு வந்திட்டன். இயந்திரத்திலை மஞ்சள் எண்டு வந்த உடனை எனக்கு ஞாபகம் வந்தது. சொல்லப் பயந்திட்டன்."

ஜெயரூபனின் முகம் கறுத்துப் போயிற்று. கணினிக்கு முன்னால் இருந்து தட்டினார். புதிய கடிதம் ஒன்றை அச்சடித்து எடுத்து நீட்டினார். மன்னிச்சுக்கொள்ளுங்கோ அக்கா, இதோடை எல்லாம் சரி என்றார்.

பிரியவதனி எட்டாம் வகுப்புவரைதான் பள்ளிக்கூடம் போனவள். விரலை வரிக்குக் கீழே வைத்து வைத்து வாசித்தாள். "ஆய்வு மாணவியின் கவனயீனத்தால் ஏற்பட்ட தவறு" என்ற இடத்தில் விரல் நின்றுவிட்டது. தன்னுடைய பெயர் துப்புரவாய்க் கழுவப்பட்டிருந்தது. அழுக்கு முழுவதும் மற்றப் பக்கத்தில் ஊற்றப்பட்டிருந்தது. வாங்கி மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு பஸ் ஏறியிருந்தால் அவள் வந்த காரியம் முடிந்தது. வேறு யாரும் அப்படித்தான் செய்திருப்பார்கள்.

"அந்தப் படிவத்தை ஒருக்கால் எடுங்கோ சேர்," என்றாள்.

கோப்பில் இருந்து எடுத்துக் கொடுத்தார்.

"இதை ஆர் அடிச்சது?"

"நான்தான்."

"கழுவினதோ எண்டு கேட்டிருக்கிறியள். எதிலை கழுவினது எண்டு கேக்க எங்கை இடம் விட்டிருக்கு? காட்டுங்கோ."

அவர் படிவத்தைப் பார்த்தார். தான் அடித்த படிவத்தைத் தானே முதல் தரம் பார்க்கிற மாதிரிப் பார்த்தார்.

"முந்தி என்ரை தலையிலை போட்டியள். இப்ப இந்தப் பிள்ளையின்ரை தலையிலை போடுறியள். அவள் பயத்திலை வாய் திறக்காதது பிழைதான், அதை அவளே ஒத்துக்கொண்டிட்டாள். ரெண்டு வருசம் என்ரை இலையிலை ஆராய்ச்சி செய்தியள், ஒரு நாள் வந்து நான் ஆயிறதை நிண்டு பாத்தனீங்களோ? எலிக்குக் கிட்ட நிண்டு பாத்தனீங்கள்தானே. நாங்கள் கேக்கேல்லை எண்டு எழுதுங்கோ. அவள் எண்டு எழுதினால் எனக்கு இந்தக் கடிதம் வேண்டாம். நான் கள்ளியாவே ஊருக்குப் போறன்."

கடிதம் மேசையில் கிடந்தது. அவள் நின்றாள். காணி எல்லையில் நிற்பது மாதிரித்தான், தள்ளினாலும் அசையாத நிலை. ஜெயரூபன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு திரும்பவும் கணினிக்கு முன்னால் இருந்தார். இந்தத் தரம் நேரம் எடுத்தது. மூன்று தரம் எழுதி மூன்று தரம் அழித்தார். கடைசியில் வந்த கடிதத்தில், இலையை மஞ்சள் நீரில் கழுவும் வழக்கத்தைச் சேகரிப்பாளர் முதல் நாளே தெரிவித்திருந்தார், அதைக் கேட்டு எழுதும் முறை எங்கள் படிவத்தில் இருக்கவில்லை, அது எங்கள் பிழை, கலப்படம் என்று எழுதியது அதைவிடப் பெரிய பிழை என்று இருந்தது. கீழே அவருடைய கையெழுத்து.

அவள் அதை இரண்டு தரம் வாசித்தாள். பிறகுதான் பையில் இருந்த பொட்டலங்களை எடுத்து மேசையில் வைத்தாள். மஞ்சள் இல்லாமல் கழுவினால் இலை என்ன ஆகும் என்று பாருங்கோ என்றாள். எங்களுடைய சனம் வீக்கத்துக்கு அடம்பனைத் தனியாய் ஒருநாளும் கட்டினதில்லை, மஞ்சளோடு சேர்த்துத்தான் கட்டினது, அந்த இலையை மட்டும் பிடித்து வைத்துக்கொண்டு நீ தனிய என்ன செய்வாய் என்று விசாரித்தால் அது என்ன சொல்லும் என்றும் கேட்டாள். ஜெயரூபன் ஒரு வெறுங் கடதாசியை முன்னால் இழுத்தார். பேனையை எடுத்தார்.

ஞாயிற்றுக்கிழமை சங்கக் கூட்டத்தில் அந்தக் கடிதத்தையும் நாகமுத்து அக்கா வாசித்தா. பிரியவதனி போகவில்லை. தன்னுடைய நேர்மைக்கு இன்னொருத்தர் கடதாசி வாசிக்க, அதைக் கைகட்டி இருந்து கேட்க அவளுக்கு ஏலாது. வாசித்துமுடிய அக்கா வீடு தேடி வந்து, முந்தி வாசிக்க முதல் நான் பார்த்திருக்கவேணும் என்று கண் கலங்கினா. ஓம் அக்கா, பார்த்திருக்கவேணும் என்று மட்டும் பிரியவதனி சொன்னாள். இல்லை பரவாயில்லை என்று அவள் வாயில் வரவில்லை. பரவாயில்லாமல் இருந்தால்தானே வரும்.

கஜாலினி திரும்ப வந்தாள். இந்தத் தரம் படிவம் இல்லை, வெறும் கொப்பி. சொன்னதை எல்லாம் எழுதினாள், கொடியிடம் என்ன சொல்லி ஆய்கிறது என்பதையும் சேர்த்து. மஞ்சள் படாத இலை ஒரு கட்டு, மஞ்சள் தனிய ஒரு கட்டு, இரண்டும் சேர்ந்தது ஒரு கட்டு என்று கேட்டாள். கழுவ உவரில்லாத குடிதண்ணீர்க் கலனோடு வந்திருந்தாள். பிரியவதனி கொடுத்தாள். மஞ்சள் இல்லாமல் ஆய்ந்த நாள் அவளுக்குக் கை கூசியது. மூன்று மாதத்தில் முடிவு வந்தது. தனி அடம்பனுக்கு எலியின் வீக்கம் முந்தியதில் பாதியும் வடியவில்லை. சேர்ந்ததற்குத்தான் வடிந்தது. பெட்டை அதைப் பெரிய செய்தியாகச் சொன்னாள். உமக்கு அது இப்பதான் தெரியுமோ பிள்ளை என்றாள் பிரியவதனி.

இதற்கிடையில் ஐயாத்துரையர் வளவில் அளவைக்காரர் அடித்த முளையை அயல்காரர் பிடுங்கிப் போட்டார்கள். திரும்ப அடிக்க, திரும்பப் பிடுங்கினார்கள். பொலிசுக்குப் போகிற கட்டம். ஆடி மாதம் ஒரு காலைமை ஐயாத்துரையரே படலையில் வந்து நின்றார். சால்வையைக் கையில் எடுத்து, அந்த நேரம் ஊர் கதைச்சதைக் கேட்டு நானும் கொஞ்சம் பிசகிப்போனன் பிள்ளை என்றார்.

"ஊர் கதைக்கும் அண்ணை. நீங்கள் என்னை நாற்பது வருசமாத் தெரிஞ்ச ஆள்," என்றாள் அவள். அதற்கு மேல் அவரைப் போட்டுப் பிழியவில்லை. சீலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு நடந்தாள்.

இரண்டு வளவுச் சனமும் நின்றது. அளவைக்காரர் நாடாவைப் பிடித்துக்கொண்டு நின்றார். பிரியவதனி பற்றைக்குள் இறங்கி, முள்ளை விலக்கி, ஒரு பனை வடலிக்கும் இடிந்த கிணற்றுக் கட்டுக்கும் நடுவில் போய் நின்று, இதுதான் எல்லை என்றாள். ஐயாத்துரையர் கேட்டதைவிட அது ஒரு முழம் உள்ளே, அவருடைய காணிக்குள். அவர் அவளுடைய முகத்தைப் பார்த்துவிட்டு விலகி நின்றார். அயல்காரரும் இடம் விட்டு ஒதுங்கினார்கள். அளவைக்காரர் அவளுடைய கால் இருந்த இடத்தில் முளையை அடித்தார்.

தேத்தண்ணீர் குடித்துவிட்டுப் போகலாம் பிள்ளை என்று ஐயாத்துரையர் வீட்டில் கூப்பிட்டார்கள். ஆட்டுக்குக் குழை வெட்டவேண்டும் என்று சொல்லிவிட்டு அவள் ஒழுங்கையில் ஏறி நடந்தாள். குழை விடியவே வெட்டிப் போட்டிருந்தாள்.